இத்தாலிய சீஸ்: முதலில் எதை வாங்குவது?

இத்தாலியில் சீஸ் வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. முதல் தடவைக்கு நான்கு போதும்: மொஸரெல்லா, தலெஜ்ஜோ, பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கோர்கன்ஸோலா. நான்கும் சேர்த்து ஆளுக்கு 100 கிராம் தாராளம். சுவைப்பதும் இதே வரிசையில்தான். காட்டமானதில் ஆரம்பித்தால் மொஸரெல்லா வெறும் தண்ணீராகத் தெரியும்.

சைவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பார்மிஜானோவுக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். டிஓபி (ஊர்ப்பெயருக்கும் செய்முறைக்கும் சட்டப் பாதுகாப்பு தரும் முத்திரை) விதியே அப்படி, அதனால் எந்த பிராண்டானாலும் இதே கதைதான். செம்மறிப்பால் சீஸான பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். மாஸ்கர்போனேயில் இந்தச் சிக்கல் இல்லை. க்ரீமைச் சூடாக்கி, அமிலம் சேர்த்துக் கெட்டியாக்குவது அது.

நான்கில் அதிகக் காசு போடத் தகுந்தது பார்மிஜானோ. குறைந்தது 12 மாதம் முதிர வைத்த பிறகே விற்பார்கள், ஆனால் ருசி பிடிபட 24 மாதத்தது வேண்டும். தோலோடு கூடிய துண்டாகக் கேளுங்கள். பக்கவாட்டுத் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளால் பெயர் பொறித்திருக்கும், துண்டில் அதில் பாதியாவது தெரியும். ஆனால் பார்மிஜானோவின் ஆங்கிலப் பெயரான 'பார்மெசான்' என்பதைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உள்ளே தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பூசணம் அல்ல, டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள். பல்லில் நறுக்கென்று கடிபடும். மெல்லிய சீவலாக வெட்டாமல் கத்தி முனையைக் குத்தி நெம்பி உடையுங்கள், அந்தச் சொரசொரப்பில்தான் மணம் எழும். துருவிய தூள் வேண்டாம், மணம் முக்கால்வாசி போயிருக்கும். மிஞ்சும் தோலை சூப்பில் போடலாம்.

தென் இத்தாலியின் கம்பானியா பகுதி எருமைப்பால் மொஸரெல்லா பளிச்சென்ற வெள்ளையாக இருக்கும். ஃபியோர் தி லாத்தே என்றால் பசும்பாலில் செய்த மொஸரெல்லா. இரண்டையும் அதன் நீரிலேயே வைத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கடித்தால் ரப்பர். பாக்கெட்டைப் பிரிக்காமல் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இளகிவிடும், வெட்டும்போது பால் போன்ற நீர் கசியும். பீட்சாவில் போடுவதானால் நறுக்கி ஒரு மணி நேரமாவது வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும்.

வட இத்தாலியின் லொம்பார்தியாவைச் சேர்ந்த தலெஜ்ஜோ, தோலை உப்புநீரால் துடைத்துத் துடைத்து முதிர வைப்பது. அந்த நாற்றத்தைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே சாதுவான பால் ருசிதான். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் மட்டும் வாங்க வேண்டாம், முதிர்ச்சி கடந்துவிட்டது. உள்ளே நீலப் பூசணம் ஓடும் கோர்கன்ஸோலாவில் 'தோல்ச்சே' என்பது இளகிய, மிதமான வகை, 'பிக்காந்தே' காரசாரமானது. பழகாதவர்களுக்கு முதலாவதே சரி.

மொஸரெல்லா தவிர மற்ற மூன்றையும் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். மீதியை மெழுகுத்தாளில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றினால் தலெஜ்ஜோ வியர்த்து வழவழத்துப்போகும். கோர்கன்ஸோலாவுக்கு மட்டும் தனி டப்பா, இல்லையென்றால் பக்கத்தில் இருப்பதிலெல்லாம் அதன் பூசணம் தொற்றிக்கொள்ளும்.