கம்ப்யூட்டர் சயன்ஸ்: ஃபவுண்டேஷன் இயரா, நேரே முதலாம் ஆண்டா? படிப்படியாக முடிவெடுப்பது எப்படி

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "மகனுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைச்சிருக்கு, ஆனா ஃபவுண்டேஷன் இயரோட தாறாங்கள். எடுக்கலாமா, இல்லை வேற யூனி பார்க்கலாமா?"

வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். ஃபவுண்டேஷன் இயர் என்றால் பட்டத்தின் முதலாம் ஆண்டுக்கு முன் படிக்கும் ஒரு தயார்படுத்தும் ஆண்டு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பே நான்கு ஆண்டு, கட்டண முறையும் வேறு. பிள்ளைக்கு மார்க் குறைகிறதா, பாடம் குறைகிறதா என்பதை முதலில் பாருங்கள். பாடம் குறைகிறது என்றால் ஃபவுண்டேஷன் நல்ல வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மார்க் மட்டும் கொஞ்சம் குறைகிறது என்றால் பெரும்பாலும் அந்த ஓராண்டு தேவையில்லை.

படி 1: பெயரைச் சரியாக வாசியுங்கள்

'ஃபவுண்டேஷன்' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு படிப்புகளுக்கு ஓடுகிறது. பட்டத்தோடு சேர்ந்தே வரும் ஃபவுண்டேஷன் இயர் ஒன்று: மொத்தம் நான்கு ஆண்டு, முதல் ஆண்டை 'இயர் ஜீரோ' என்பார்கள், யூகாஸில் (பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது இணையத்தளம்) அதற்குத் தனிக் குறியீடு இருக்கும். இரண்டாவது, தனியாக நடக்கும் ஓராண்டுப் படிப்பு. முடித்த பிறகு பட்டத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது ஃபவுண்டேஷன் டிகிரி. அது பெரும்பாலும் இரண்டு ஆண்டில் முடியும் தனித் தகுதி, நாம் பேசும் விஷயமே இல்லை. இதில் எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இனி நான் ஃபவுண்டேஷன் என்று சொல்வதெல்லாம் முதல் வகையைத்தான்.

படி 2: ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்

இடப்பக்கம் யூகாஸ் புள்ளிகள் (ஒவ்வொரு கிரேடுக்கும் தரும் எண்), வலப்பக்கம் பாடங்கள். ஏ லெவலில் (பள்ளி முடிவில் எழுதும் தேர்வு) ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48, பி-க்கு 40, சி-க்கு 32, டி-க்கு 24. இரண்டு பி, ஒரு சி எடுத்தால் 112. பிடித்த ஐந்தாறு யூனிகளின் பக்கத்தைத் திறந்து, என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு பத்தியிலும் எழுதுங்கள். வலப்பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெயர் பெற்ற இடங்கள் பெரும்பாலும் ஏ லெவல் கணிதம் கட்டாயம் என்கின்றன. கணிதமே கேட்காமல் நேரே முதலாம் ஆண்டில் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் நிறைய உண்டு.

என் அக்காவின் மகனுக்கு இதுதான் நடந்தது. அவன் செய்தது ஐடியில் பீடெக் எக்ஸ்டெண்டட் டிப்ளமா (ஊரில் சொல்லும் பி.டெக் பட்டம் இல்லை, ஏ லெவலுக்கு இணையான படிப்பு). டி ஸ்டார், டி, டி எடுத்தான் (இங்கே டி என்றால் டிஸ்டிங்ஷன், ஏ லெவலின் டி இல்லை), அதாவது 152 புள்ளி, மூன்று ஏ-யை விடவே கூட. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எங்கே போட்டாலும் கிடைக்கும் என்று நினைத்தோம். அவன் ஆசைப்பட்ட இடம் நேரடிச் சேர்க்கைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு ஃபவுண்டேஷன் தந்தது. ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை. "மாமா, நான் என்ன குறைஞ்சு போனேன்?" என்று கேட்டான். அவன் குறையவில்லை, அவனுடைய பாடப் பட்டியலில் கணிதம் என்ற ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

படி 3: வீட்டிலேயே ஒரு கணிதச் சோதனை

சர்டிபிகேட்டை ஒதுக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் பிள்ளையோடு உட்காருங்கள். நான் கொடுக்கும் கேள்வி இது: அகர வரிசையில் ஆயிரம் பெயர் இருக்கும் ஒரு பட்டியல். நடுப் பெயரைப் பார், தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று முடிவு செய், மற்றப் பாதியை வீசிவிடு, திரும்பவும் நடுவைப் பார். அதிகபட்சம் எத்தனை தடவை பார்க்க வேண்டி வரும்?

பதில் பத்து. இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1024, ஆயிரம் அதற்குள் அடங்கிவிடுகிறது. பதில் வருகிறதா என்பதை விட, "பட்டியல் இருபது லட்சமானால்?" என்று கேட்டதும் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பேனாவை எடுத்து 2, 4, 8 என்று எழுதத் தொடங்கினாலே போதும், 21-க்கு வந்து சேர்ந்துவிடும். இது லாக்தான் (மடக்கை) என்று தானே கண்டுபிடித்தால் நேரடியாகப் போகப் பயமே வேண்டாம். லாக் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் இருண்டால், முதலாம் ஆண்டில் கணங்கள், தர்க்கம், தொகுத்தறிதல் நிறுவல், அணிகள் எல்லாம் வாரா வாரம் வரும்போது மூச்சு முட்டும். நிரலாக்கம் எனக்கு இரண்டாவது கவலைதான். பல முதலாம் ஆண்டுப் படிப்புகள் பைத்தானையோ ஜாவாவையோ அடியிலிருந்தே சொல்லித் தருகின்றன, கணிதத்தை அப்படித் திரும்பத் தொடங்குவது குறைவு.

படி 4: ஃபவுண்டேஷன் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். எல்லா ஃபவுண்டேஷனும் ஒன்றல்ல. குவீன் மேரியில் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் சேர்த்து ஒரு பொது ஃபவுண்டேஷன் திட்டம் இருக்கிறது. ராயல் ஹாலோவேயில் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டத்தோடு இணைந்த ஃபவுண்டேஷன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டிலும் ஃபவுண்டேஷன் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அவை வசதி குறைந்த, சூழல் சரியில்லாத பிள்ளைகளுக்கான அருமையான திட்டங்கள், ஆனால் கேம்பிரிட்ஜில் இருப்பது கலை, ஹியூமானிட்டீஸ் (மொழி, வரலாறு போன்றவை), சமூக அறிவியல் துறைகளுக்கு. ஆக்ஸ்ஃபோர்டிலும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இல்லை.

பாடப் பட்டியலில் கணிதம் எத்தனை மொடியூல் என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று, மீதியெல்லாம் 'படிப்புத் திறன்', 'தொழில் திறன்' என்றிருந்தால் அந்த ஆண்டு உங்கள் பிள்ளையின் ஓட்டையை அடைக்காது. அப்புறம், முதலாம் ஆண்டுக்கு ஏற என்ன மார்க் வேண்டும் என்று கேளுங்கள். சில இடங்களில் பாஸ் போதும், சில இடங்களில் கணிதத்துக்குத் தனியாக உயர்ந்த மார்க் கேட்பார்கள். ஏற முடியாவிட்டால் வேறு துறைக்கு மாற்றுவார்களா, வெறுங்கையோடு அனுப்புவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: காசு

இங்கிலாந்தில் 2025-26க்கு ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுண்ட். அந்த ஆண்டிலிருந்து பிசினஸ், ஹியூமானிட்டீஸ் போன்ற வகுப்பறைப் பாடங்களின் ஃபவுண்டேஷனுக்கு வரம்பை 5,760 ஆகக் குறைத்தார்கள், ஆனால் கம்ப்யூட்டிங் அந்தக் குறைப்புக்குள் வரவில்லை. வாழ்க்கைச் செலவுக் கடனையும் சேர்த்தால், லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஓராண்டுக் கடன் 20,000 பவுண்டைத் தொடலாம்.

பயப்படுவதற்கு முன் கடன் எப்படிக் கட்டப்படுகிறது என்று பாருங்கள். இப்போது தொடங்கும் பிள்ளைகள் ஆண்டு வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் வருவதில் 9 சதவீதம் கட்டுவார்கள், 40 ஆண்டில் மிச்சம் தள்ளுபடி. 35,000 சம்பளம் என்றால் மாதம் 75 பவுண்ட். மூன்று ஆண்டுக் கடனோ நான்கு ஆண்டுக் கடனோ அந்த 75 மாறாது, கட்டும் காலம்தான் நீளும். உண்மையான இழப்பு, ஓராண்டு பிந்தி வேலைக்குப் போவது. பட்டத்தோடு இணைந்த ஃபவுண்டேஷனுக்கு மாணவர் கடன் கிடைக்கும். தனியாக நடக்கும் படிப்புக்குக் கிடைக்காமல் போகலாம், கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொரு வழி: 19 வயது தாண்டியவர்களுக்கு ஆக்சஸ் டிப்ளமா, அதாவது பட்டத்தில் சேரத் தயார்படுத்தும் படிப்பு. அதற்கு எடுக்கும் கடனின் மீதியை, பிறகு பட்டத்தை முடித்தால் தள்ளுபடி செய்கிறார்கள். ஏ லெவல் கணிதத்தை மட்டும் ஓராண்டில் எழுதிய பிள்ளைகளும் உண்டு, அதற்கு நல்ல ஒழுங்கு வேண்டும்.

படி 6: யூகாஸில் கலந்து போடுங்கள்

ஐந்து தெரிவு இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் நேரடியையும் ஃபவுண்டேஷனையும் இரண்டு தெரிவாகப் போடலாம். சந்தேகத்தில் இருக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது மூன்று நேரடி, ஆசைப்பட்ட இடத்தில் ஒரு ஃபவுண்டேஷன், ஒன்று நிச்சயம் கிடைக்கும் நேரடி.

படி 7: ரிசல்ட் நாள்

ஆகஸ்ட் நடுவில் காலையில் யூகாஸைத் திறந்தால், கேட்ட படிப்புக்குப் பதிலாக அதே யூனியின் ஃபவுண்டேஷன் வந்திருக்கலாம். பதில் சொல்ல ஐந்து நாள் உண்டு, அன்று காலையே அமுக்கிவிடாதீர்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்திக்குக் கணிதத்தில் ஏ எதிர்பார்த்தார்கள், பி வந்தது. ஃபவுண்டேஷன் தந்தார்கள், வீட்டில் எல்லோரும் "பேர் உள்ள இடம், எடு" என்றார்கள். அவளுக்குப் பாடம் குறையவில்லை, ஒரு கிரேடுதான் குறைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து க்ளியரிங் (மிச்சமிருக்கும் இடங்களை நிரப்பும் முறை) எண்களுக்கு வரிசையாகப் பேசினாள், மூன்றாவது அழைப்பில் நேரடி முதலாம் ஆண்டு கிடைத்தது. பெரும்பாலும் பிள்ளையோடுதான் பேச விரும்புவார்கள், அதனால் அப்பாவோ அம்மாவோ ஃபோனைப் பிடுங்காமல் பக்கத்தில் பேனாவும் தாளுமாக இருங்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவதென்றால் மாணவர் கடன் கிடையாது, ஒவ்வோர் ஆண்டும் முழுக் கட்டணம். இலங்கை உயர்தரத்தையும் இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பையும் நேரடிச் சேர்க்கைக்கு ஏற்கும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. ஏஜென்ட் சேர்க்கைக்குக் கமிஷன் வாங்குகிறவர், ஆகவே அவர் ஃபவுண்டேஷன் என்றதும் தலையாட்டாமல் சேர்க்கைப் பிரிவுக்கு நேரே ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த மார்க்குக்கு முதலாம் ஆண்டு தருவீர்களா என்று கேளுங்கள்.

அக்காவின் மகன் ஃபவுண்டேஷனைத்தான் எடுத்தான். முதல் தவணை முழுக்கக் கணிதம், இரவு பதினொரு மணிக்கெல்லாம் எனக்கு நிறுவல்களைப் படம் எடுத்து அனுப்புவான். இப்போது இரண்டாம் ஆண்டு, படம் வருவது நின்றுவிட்டது.