கற்பனை ராஜ்ஜியத்தில் யார் யாரை எப்படி அழைப்பது? புதிதாகக் கதை எழுதுகிறவர்களுக்கு

மாயாஜாலக் கதை எழுத உட்காருகிற பலரும் முதலில் ஒரு வரைபடம் போடுகிறார்கள். அப்புறம் அரசனுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு முன்னால் நாலு பட்டங்களை அடுக்கிவிட்டால் அந்தஸ்து தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. அந்தப் பட்டத்தை யார் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருக்கும் உரிமை யாருக்கு உண்டு, சொல்லத் தவறினால் என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் வாசகருக்கு அந்த அரசன் மேல் பயமோ மரியாதையோ பிறக்கும். கோத்தகிரியில் கதை எழுதும் பிள்ளைகள் தங்கள் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டும்போது எனக்கு வருத்தமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: டப்பிங் படத்தில் வருகிற மாதிரி "என் பிரபுவே, என் பிரபுவே" என்று எழுதுகிறார்கள், ஆனால் வினைமுற்றிலேயே மரியாதையை வைத்திருக்கும் நம் மொழியைத் தொடுவதே இல்லை.

சரி, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: ஏணி போடுங்கள், சின்னதாக

நாலைந்து நிலைகள் போதும். ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். நிலமா, தண்ணீரா, கணக்கா, ஆளா? நீலகிரிக்காரர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் பழைய தேயிலைத் தோட்டமே ஒரு முழு ஏணி: பெரிய துரை, சின்ன துரை, கணக்குப்பிள்ளை, கங்காணி, மேஸ்திரி, அதற்குக் கீழே கொழுந்து பறிக்கிறவர்கள். பெரிய துரையிடம் தோட்டம் இருந்தது, ஆனால் ஆள் பிடித்துக் கொண்டுவந்தவர் கங்காணி, முன்பணத்தின் கடிவாளமும் அவர் கையில்தான். அதனால் லயத்துக்குள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குள், யாருடைய பெயரைக் கேட்டால் அதிகம் நடுங்குவார்கள் என்பது பட்டத்தின் உயரத்தை மட்டும் வைத்துத் தீர்மானமாகவில்லை. உங்கள் ராஜ்ஜியத்திலும் இந்த இடைவெளி இருக்கட்டும், கதை அங்கேதான் பிறக்கும்.

இந்த விளக்கத்துக்காக ஒரு மலைநாட்டை வைத்துக்கொள்வோம். அங்கே தண்ணீர்தான் எல்லாம். மேலே ஊற்றுடையார், அவருக்குக் கீழே மதகு நாயகம், பிறகு வயல்காரர்கள், கடைசியில் குடம் சுமப்பவர்கள்.

படி 2: அழைப்பு அட்டவணை

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் எப்படி அழைக்கிறார், கீழே இருப்பவரை மேலே இருப்பவர் எப்படி அழைக்கிறார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: அவர் முதுகுக்குப் பின்னால் எப்படி அழைக்கிறார்கள்? நேரில் "நாயகம் அவர்களே", குடிசைக்குள் "அந்த ஆளு". இந்த ஒரு பத்தியை நிரப்பினாலே நாட்டின் அரசியல் பாதி தெரிந்துவிடும்.

பெயர் சொல்லாமல் இருப்பதையும் அட்டவணையில் சேருங்கள். நம் பாட்டிமார் பலர் கணவர் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை, வேறு யாரையாவது விட்டுத்தான் சொல்ல வைப்பார்கள். ஊற்றுடையாரின் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது, அவர் அம்மா மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று வைத்துப் பாருங்கள்.

படி 3: "நீ", "நீங்கள்" வேறுபாட்டையும் வினைமுற்றையும் கையில் எடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள்.

"தாங்கள் உத்தரவிட்டால் மதகைத் திறக்கிறேன்."
"நீங்கள் சொன்னால் திறக்கிறேன்."
"நீ சொன்னால் திறக்கிறேன்."

மூன்றிலும் திறக்கப்போவது ஒரே மதகு. ஆனால் பேசுகிற ஆளும் கேட்கிற ஆளும் மூன்று தடவையும் வேறு. பட்டம் ஒன்றுகூட இல்லாமலேயே அந்தஸ்து தெரிந்துவிட்டது பாருங்கள்.

ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண முறைப்படி வருவதல்ல என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதாவது எது மரியாதை என்பதை அந்தந்தச் சமூகத்தின் வழக்கம் தீர்மானிக்கிறது. அதனால் உங்கள் நாட்டின் வழக்கத்தை நீங்களே தீர்மானிக்கலாம். பன்மைதான் எப்போதும் உயர்வு என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். நெல்லிக்கனி கொடுத்த அதியமானை ஔவையார் ஒருமையில்தான் பாடினார், தேவாரம் சிவனை "நீ" என்றே கூப்பிடுகிறது. ஊற்றுடையாரை எல்லோரும் "தாங்கள்" என்க, குடம் சுமக்கும் ஒரு கிழவி மட்டும் "நீ" என்று சொல்லி, அதை யாரும் தடுக்கவில்லை என்றால், அந்தக் கிழவி யார் என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போவார்.

இன்னொன்று, கதைசொல்லியான உங்கள் குரல். தமிழில் எழுதும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் "வந்தான்", "வந்தார்" இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. யோசிக்காமல் எழுதினால் பிரபுக்கள் எல்லாம் "வந்தார்", வேலைக்காரர்கள் எல்லாம் "வந்தான்" என்று ஆகிவிடும், அப்போது ராஜ்ஜியத்தின் ஏணியில் நீங்களும் ஏறி நின்றுவிடுகிறீர்கள். நான் பரிந்துரைப்பது: யார் கண் வழியாகக் கதை நகர்கிறதோ அவருடைய மரியாதையையே அந்த அத்தியாயத்தின் வினைமுற்றுகளும் பின்பற்றட்டும்.

படி 4: பட்டத்தைக் கொடுத்தது யார், கூட என்ன கொடுத்தார்

பழைய தமிழ் அரசர்கள் வெறும் பட்டத்தைக் கொடுத்துவிட்டு அனுப்பவில்லை. படைத்தலைவருக்கான ஏனாதிப் பட்டத்தோடு மோதிரம், வணிகருக்கான எட்டிப் பட்டத்தோடு பொன்பூ. சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு ஆடல் மகளிருக்கான தலைக்கோல் பட்டத்தோடு 1008 கழஞ்சு (பழைய எடை அளவு) பொன் பெறும் மாலை கிடைக்கிறது. ஆகவே பட்டத்துக்கு ஒரு பொருளை வையுங்கள். பொருளைத் திருடலாம், அடகு வைக்கலாம், ஆற்றில் எறியலாம்.

சோழர் பட்டங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய சேனாபதி கிருஷ்ணன் இராமனின் பட்டம் மும்முடிச் சோழ பிரம்ம மாராயன், அதில் மும்முடிச் சோழன் என்பது ராஜராஜனின் பெயர்களில் ஒன்று. பட்டம் வாங்கியவர் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறார். நம் மலைநாட்டில் நெடுங்கோ என்ற அரியணைப் பெயர் கொண்ட ஊற்றுடையார் கொடுத்த பட்டம் "நெடுங்கோ மதகு நாயகம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுங்கோவைக் கவிழ்த்துவிட்டு வேறொருவர் உட்கார்ந்தால் இந்த நாயகம் தன் பட்டத்தை எப்படிச் சொல்வார்? முன்பாதியை விழுங்கிவிடுவாரா, சபையில் உரக்கச் சொல்வாரா?

ஐரோப்பியச் சாயலில் எழுதுகிறவர்களுக்கு ஒரே குறிப்பு: ஆங்கிலேய வழக்கில் "சர்" பட்டம் ஆளின் முதல் பெயரோடுதான் வரும், குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்து எழுதாதீர்கள்.

படி 5: உடம்பும் கட்டுப்பாடும்

வாய் சொல்வதை உடம்பும் சொல்ல வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களிடையே பெண்கள் மூத்த உறவினர் முன் மண்டியிட்டு அவர் பாதத்தை நெற்றியில் ஏற்றுக்கொள்வது பழைய வணக்க முறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடிமைத்தனம் போலத் தெரியலாம், உள்ளே அது உறவும் ஆசியும். தோடர்களைப் பற்றி 1906ல் விரிவாக எழுதிய மானுடவியலாளர் ரிவர்ஸ், அந்த மக்களின் பால்மனைப் (எருமைப் பாலைச் சடங்கோடு கையாளும் புனித இடம்) பூசாரிகளைப் பற்றிச் சொல்வது கதை எழுதுகிறவர்களுக்கு இன்னும் முக்கியம்: பால்மனையின் புனிதம் கூடக் கூடப் பூசாரிக்குக் கட்டுப்பாடுகளும் கூடின, மிகப் புனிதமான பால்மனைக்காரரைச் சாதாரண ஆட்கள் தொடவே கூடாது. உயரப் போகப் போக வசதி பெருகும் என்று மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம், சுதந்திரம் குறைவதையும் எழுதிப் பாருங்கள். ஆனால் இங்கே வாழ்கிற மக்களின் சடங்கை அப்படியே எடுத்து, பெயரை மாற்றி, கற்பனைக் காட்டுவாசிகளுக்கு மாட்டிவிடாதீர்கள். அது நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அது இயங்கும் விதத்தை மட்டும் கற்றுக்கொண்டு, சடங்கை நீங்களே உருவாக்குங்கள்.

படி 6: ஒரே ஒரு இடத்தில் உடையுங்கள்

இத்தனையும் கட்டியது இதற்காகத்தான். பத்து அத்தியாயம் "தாங்கள்" என்று சொன்ன மதகு நாயகம், வறட்சி முற்றிய ஒரு நாளில் ஊற்றுடையாரைப் பார்த்து "நீர்" என்கிறார். உடனே வாளை உருவ வைக்காதீர்கள். சபையில் யார் முதலில் தலை நிமிர்ந்து பார்த்தார், யார் கேட்காத மாதிரி இருந்தார் என்று எழுதுங்கள். இதை ஒரு கதையில் இரண்டு மூன்று தடவை செய்தால் வாசகருக்குப் பழகிப்போய்விடும், அதனால் ஒன்றே போதும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. உரையாடல்களில் இருக்கும் பெயர்களையும் பட்டங்களையும் எல்லாம் அடித்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, யார் மேலே யார் கீழே என்று கேளுங்கள். அவர் தடுமாறுகிற வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு, அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, அந்த வரிகளின் வினைமுற்றிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.