ஐரோப்பாவில் பல நாடுகள்: இறங்கி ஏறும் இடங்களில் நேரும் தவறுகள்

கீழக்கரையிலோ தொண்டியிலோ மண்டபத்திலோ வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படும் குடும்பத்துக்கு ஐரோப்பா செல்லும் விமானம் முதல் வண்டி அன்று. அதற்கு முன்பே ஒரு காரோ இரவு ரயிலோ, சில சமயம் மதுரையிலிருந்து ஓர் உள்நாட்டு விமானமோ கடந்திருக்கும். உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பயணத் திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: வண்டிகள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன, ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் இடத்தில்தான் திட்டம் முறிகிறது.

என் சிறிய தந்தையின் மகன் ஒருமுறை, "காக்கா (அண்ணா), தனித்தனியா எடுத்தா பதினாலாயிரம் மிச்சமாகுது" என்று மகிழ்ச்சியுடன் தாளைக் காட்டினான். சென்னையிலிருந்து பிராங்பர்ட் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து ரோமுக்கு வேறு நிறுவனத்தின் சீட்டு, இடையில் 1 மணி 10 நிமிடம். இரண்டும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால் பெட்டி நேராக ரோமுக்குப் போகும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. தனித்தனிச் சீட்டில் அந்தக் கடமை யாருக்கும் இல்லை. பிராங்பர்ட்டில் குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை காத்திருந்து, மறுபடியும் முகப்பில் ஒப்படைக்க வேண்டும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேதான் கடவுச்சீட்டுச் சோதனை; 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள் என்பதால் அந்த வரிசை முன்பைவிட மெதுவாக நகரக்கூடும். அவனிடம் ஒரே பதிவாக மாற்றச் சொன்னேன். தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டுமென்றால், அந்த ஊரில் ஓர் இரவு தங்குவதுபோல் திட்டமிடுவதே பாதுகாப்பு.

இதே தவறு நம் ஊர்ப் பக்கத்திலும் நடக்கிறது. இரவு ரயிலில் கிளம்பி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் போய், அன்று முற்பகலே விமானம் ஏறுவதாகத் திட்டமிடுகிறார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டாலும், காற்று அளவுக்கு மீறினால் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைப்பது இன்றும் நடைமுறைதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயணம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விடுதிக்குக் கொடுக்கும் வாடகை வீண் செலவு அன்று.

அடுத்தது நாடுகளின் வரிசை. ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் உள்ளன. சுவிட்சர்லாந்து அதில் உண்டு, பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. பாரிஸ், லண்டன், ரோம் என்று வரிசை போட்டால், லண்டனுக்குப் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறி, ரோமுக்கு வரும்போது மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசாவில் அது முடியாது. லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. பிரிட்டன் விசா மட்டும் எப்படியும் தனியாக வேண்டும். ஷெங்கன் விண்ணப்பத்தை அதிக நாள் தங்கும் நாட்டுக்குத் தர வேண்டும், நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. ஆகவே விசா முகப்பில் எந்த நாள் எளிதாகக் கிடைக்கிறது என்று பார்க்கும் முன்பே, எந்த நாட்டில் எத்தனை இரவுகள் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத சீட்டை எடுக்காதீர்கள்.

பாரிஸில் இறங்கிப் பாரிஸிலேயே திரும்ப ஏற வேண்டும் என்று நினைப்பதும் வீண் அலைச்சல். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும் சீட்டை ஒரே பதிவாகவே எடுக்கலாம். விலை பெரும்பாலும் அதிகம் மாறாது, ஒரு நாள் மிச்சமாகும்.

மலிவு விமானங்களின் விலையைப் பார்ப்பவர்கள் அவை இறங்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. பாரிஸ் என்று பெயர் சொல்லப்படும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ராமேஸ்வரத்துக்கும் பரமக்குடிக்கும் உள்ள தொலைவுக்குச் சற்றுக் குறைவு. பேருந்துக் கட்டணம், பெட்டிக்குத் தனிக் கட்டணம், போய்வரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால், நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கே போகும் ரயில்தான் பல வழிகளில் மேல். பாரிஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டார் ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். ஆனால் அது நாம் அறிந்த ரயில் போல ஓடிவந்து ஏறுவதற்கானது அன்று. பிரான்ஸ், பிரிட்டன் இரண்டின் கடவுச்சீட்டுச் சோதனையும் கார் து நோர் நிலையத்திலேயே முடிகிறது, எனவே ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். அருகிலேயே லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பசியோடு ஏற வேண்டியதில்லை.

பாரிஸில் பெரிய ரயில் நிலையங்கள் பல என்பதும் மறந்துபோகிறது. லண்டன் ரயில் வந்து நிற்பது கார் து நோர், லியோனுக்கும் தெற்குப் பிரான்சுக்கும் அதிவேக ரயில்கள் புறப்படுவது கார் து லியோன். இடையில் நகர ரயிலில் இரண்டே நிறுத்தங்கள்தான் என்றாலும், பெட்டிகளோடும் பெரியவர்களோடும் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்ல உதவும் யூரெயில் பாஸ் வாங்கியவர்களுக்கு ஒரு சொல்: பிரான்சின் அதிவேக ரயில்களிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் மட்டும் போதாது, இருக்கையைத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், பாஸ்காரர்களுக்கான இடங்களும் அளவானவை. ஜெர்மனியின் பெரும்பாலான ரயில்களில் இந்தக் கட்டாயம் இல்லை.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் மாறும். அந்த வார இறுதியில் பயணம் என்றால் நேரத்தை இருமுறை பாருங்கள்.

கடைசியாக, திரும்பும் பயணம். விமானச் சீட்டை ஆறு மாதம் முன்பே எடுத்துவிடுகிறோம். நம் ரயிலுக்கோ 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அந்த இடைவெளியில் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரும் ரயிலின் முன்பதிவு திறக்கும் தேதியை, விமானச் சீட்டு எடுத்த அன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.