கேம்பர் வான் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்க ஓடாதீர்கள்

கொழும்பில் ஏசி குளிரவில்லை என்று வாய் திறந்தாலே போதும், கேட்கிற எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: "கேஸ் முடிஞ்சிருக்கும், அடிச்சாச் சரி." கேம்பர் வான், அதாவது படுத்துறங்கிப் பயணிக்க வீடுபோல மாற்றிய வான், வைத்திருப்பவர்கள் வீணாகக் காசு விடுவது பெரும்பாலும் இந்தப் பேச்சை நம்பித்தான். கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் அடித்தால் புதுக் கேஸும் அதே வழியால் போய்விடும்.

முதலில் எந்த ஏசி என்று பாருங்கள். கேம்பரில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். டாஷ்போர்டில் காற்று வருவது எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது. வாகன ஏசி திருத்தும் பாஸ்மாருக்குப் பழக்கமானது அதுதான். கூரையில் இருப்பது கரண்டில் ஓடும் தனி மெஷின், வீட்டு ஜன்னல் ஏசியின் தம்பி. பெரும்பாலான கூரை ஏசிகளைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடிவிடுவார்கள், கேஸ் அடிக்க வால்வே இருக்காது. அடித்தே தீர வேண்டுமென்றால் செப்புக் குழாயைத் துளைத்து வால்வு பொருத்த வேண்டும். நாளைக்கு ஒழுகப் போவதும் அந்த இடம்தான்.

இந்த ஊரில் கூரை ஏசியை அதிகம் மடக்குவது பனிக்கட்டி. நம் காற்றில் ஈரம் அதிகம். வெயில் தாங்காமல் 16 பாகையில் வைத்து, சத்தம் வேண்டாமென்று ஃபேனைக் குறைத்து, கதவையும் அடிக்கடி திறந்தால், காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே உறைந்துவிடும். பனி கட்டினால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் உள்ளே குளிராது. குளிராததால், உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்க்கும் தெர்மோஸ்டற்றும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரை நிறுத்தாது, பனி இன்னும் தடிக்கும். தெர்மோஸ்டற் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனாலும் பழி அதன் தலையில்தான். முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று மெலிந்து, நிறுத்தியதும் கட்டிலில் தண்ணீர் சொட்டினால் விஷயம் இதுதான்.

கத்தியால் சுரண்டப் போகாதீர்கள், குழாய் கிழியும். கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் வேகமாக ஓட விடுங்கள், உருகிவிடும். அப்புறம் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தூசு பறக்கும் கொழும்புக் காலி வீதியோரம் நிறுத்தும் வானென்றால் மறுபக்கம் தெரிவதே சந்தேகம். காயில் தகடுகளுக்கு நடுவே, மெல்லிய வயரின் நுனியில், சின்னச் சென்சர் ஒன்று செருகியிருக்கும். உறையப் போகும் நேரத்தில் கொம்பிரசரை நிறுத்துவது அதுதான். மலைப்பாதையில் குலுங்கியதில் அது கழன்று வெளியே தொங்கினால் காயிலின் குளிர் அதற்கு எப்படித் தெரியும்? திரும்பச் செருகிவிட்டு, 25 அல்லது 26இல் வைத்து, ஃபேனைக் கூட்டிப் பாருங்கள்.

தெர்மோஸ்டற்றின் திரை கறுத்துப்போனால் உடனே புதிது வாங்கத் தேவையில்லை. ஏசி 230 வோல்ற்றில் ஓடினாலும் பல மாடல்களில் தெர்மோஸ்டற்றுக்கு வருவது வானின் 12 வோல்ற் பற்றரிக் கரண்ட். பிளக்கைச் சொருகியிருக்கிறேனே என்று நினைப்போம், அதற்கு வேண்டியது வேறு கரண்ட். சும்மா நிற்கும் ஈயப் பற்றரியில் மீற்றர் 12.6 அளவு காட்டினால் நல்லது. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. பிறகு பியூஸைப் பாருங்கள், அதன் பிறகு ஏர்த் வயரை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஏர்த் வயரின் முனை பச்சை பிடித்துக் கிடப்பது வழமை.

நிறுத்திய கையோடு திரும்பப் போடுவதும் தவறு. உள்ளே அழுத்தம் சமப்பட மூன்று நிமிடமாவது வேண்டும். பல தெர்மோஸ்டற்கள் தாமாகவே அவ்வளவு நேரம் காத்திருக்கும்; பழுது என்று நினைத்து பட்டனை அமத்திக்கொண்டே இருப்போம்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். வோல்ற் இறங்கி வயரும் சூடாகும், கொம்பிரசரும் திணறும். ஜப்பானில் இருந்து 100 வோல்ற் மெஷினோடு வந்த வானை நேரே நம் பிளக்கில் கொடுத்தால் கதை முடிந்தது. அமெரிக்க மெஷின் 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றும், கரண்டின் துடிப்பான இங்குள்ள 50 ஹேர்ட்ஸை மாற்றாது. ஜெனரேற்றரில் ஓட்டுபவர்கள் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சில நேரம் பழுதே இருக்காது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் வெட்டவெளியில் நிறுத்திய வானை 20க்குக் கொண்டுவர எந்த மெஷினாலும் முடியாது. உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவரும் காற்றையும் தேர்மோமீற்றரால் அளந்து பாருங்கள். எட்டுப் பத்துப் பாகை வித்தியாசம் இருந்தால் மெஷின் நலம். முன் கண்ணாடிக்குத் திரை போடுங்கள்.

ஃபேன் ஓடி, கொம்பிரசர் மட்டும் உறுமிவிட்டு நின்றுபோனால் பெரும்பாலும் அதைத் தொடக்கிவிடும் கெப்பாசிற்றர்தான் பழுது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே கரண்ட் தேங்கியிருப்பதால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். பாஸைக் கூப்பிட்டுக் கழற்றுவித்து, அதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபரட் அளவைப் போனில் படம் எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போங்கள். கடையில் முதலில் கேட்பது அதைத்தான்.