டர்ஹம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிற டர்ஹமுக்குப் போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, ரயிலை விட்டு இறங்கியதும் நேராகக் கோட்டை வாசலில் போய் நிற்பது. டிக்கெட் வாங்கிக்கொண்டு இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்க்கிற கோட்டை அல்ல அது. 1072-இல், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் கட்டத் தொடங்கி, பல நூறு ஆண்டுகள் டர்ஹம் ஆயர்களின் அரண்மனையாக இருந்து, 1830களின் இறுதியில் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த இடம். இன்றைக்கும் மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள், அந்தப் பழைய பெரிய மண்டபத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். கல்லூரியில் ஏதாவது நிகழ்ச்சி என்றால் அதுவும் இல்லை. முதலில் இணையத்தில் கோட்டைக்கு நேரம் பதிவு செய்யுங்கள், ரயில் டிக்கெட்டை அப்புறம் எடுங்கள்.

உள்ளே போனதும் மேட்டின் மேல் கம்பீரமாக நிற்கிற கோபுரத்தைப் பார்த்து, ஆகா நார்மன் காலத்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது 1840 வாக்கில் மாணவர் அறைகளுக்காகத் திரும்பக் கட்டியது. உண்மையிலேயே பழசு என்றால் கீழே இருக்கிற சின்ன நார்மன் சிற்றாலயம்தான், 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தூண்களின் தலைப்பில் உருவங்கள் செதுக்கியிருக்கும். அங்கே அவசரப்படாதீர்கள்.

அடுத்தது பேராலயம். பேலஸ் கிரீன் என்கிற புல்வெளியின் ஒரு பக்கம் கோட்டை, எதிர்ப்பக்கம் இது. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிவதில்லை, ஏனென்றால் கோட்டையா பேராலயமா என்று ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால் யோசிக்காமல் பேராலயத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். 1093-இல் தொடங்கி 1133-க்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள், அதாவது நாற்பதே ஆண்டுகள். தலைக்கு மேலே பாருங்கள்: கல் விலா எலும்புகள் போல வளைந்து குறுக்கே போகிற அந்தக் கூரை, ஐரோப்பாவில் அந்த முறையில் இவ்வளவு பெரிதாக எழுந்த முதல் கூரைகளில் ஒன்று. பிறகு வந்த கூர்வளைவுப் பாணிக் கட்டடங்களுக்கு, அதாவது கோதிக் கட்டடங்களுக்கு எல்லாம் இது முன்னோடி. தூண்களின் உயரமும் சுற்றளவும் ஏறத்தாழ ஒன்றே, 6.6 மீட்டர்.

பலர் கண்ணில் படாமல் போவது தரையில் இருக்கிறது. மேற்குக் கோடியில், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில், தரைக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பளிங்குக் கோடு. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டிக் கிழக்கே வரக்கூடாது. இப்போது யாரும் தாண்டலாம், தாண்டித்தான் ஆக வேண்டும். உயர்பீடத்துக்குப் பின்னால் புனித கத்பர்ட்டின் கல்லறை இருக்கிறது. துறவியாகவும் ஆயராகவும் இருந்து 687-இல் இறந்தவர். வைக்கிங்குகளுக்குப் பயந்து அவர் உடலைத் தூக்கிக்கொண்டு லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்து 875-இல் கிளம்பிய துறவிகளின் கூட்டம், எங்கெங்கோ சுற்றி 995-இல்தான் இந்தக் குன்றுக்கு வந்தது. எட்டாம் ஹென்றியின் ஆட்கள் ஆடம்பரமான சமாதியை இடித்துவிட்டதால் இப்போது இருப்பது பெயர் மட்டும் பொறித்த ஒரு கல். கத்பர்ட்டோடு நின்றுவிடாமல் மேற்குக் கோடியின் கலிலேயா சிற்றாலயத்துக்கும் போங்கள், ஆங்கிலேயரின் வரலாற்றை முதலில் விரிவாக எழுதிய பீட் அங்கேதான் கிடக்கிறார்.

மரத்தால் ஆன பெரிய கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. 1650-இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகள் சுமார் 3,000 பேரை இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை இந்தப் பேராலயத்துக்குள் அடைத்து வைத்தது. குளிர் தாங்காமல் அவர்கள் மரச்சாமான்களை உடைத்து எரித்தார்கள், கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் ஸ்காட்லாந்தின் சின்னமான முட்பூ செதுக்கியிருப்பதுதான் காரணம் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 2013-இல் பேலஸ் கிரீன் நூலகத்தில் உணவகம் கட்டத் தோண்டியபோது அவர்களின் எலும்புகள் கிடைத்தன. நீங்கள் காபி குடிக்க உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான்.

இன்னொன்று, இது வழிபாடு நடக்கிற இடம் என்பதை மறந்து அருங்காட்சியகத்துக்குப் போகிற மனநிலையில் போவது. வழிபாட்டு நேரத்தில் சுற்றவும் முடியாது, படமும் எடுக்கக்கூடாது. மாறாக மாலையில் ஈவன்சாங் என்கிற பாடல் வழிபாடு நடக்கும்போது போய் உட்கார்ந்துவிடுங்கள், எந்த மதத்தவரும் வரலாம், பணம் கேட்க மாட்டார்கள், அந்தக் கட்டடத்தில் குரல் எப்படி எழும்புகிறது என்பதை வேறு எந்த வழியிலும் தெரிந்துகொள்ள முடியாது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாட்களில் பேராலயம் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கலாம், தேதியைப் பாருங்கள். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை சுரங்கத் தொழிலாளர் திருவிழா: பித்தளை வாத்தியங்கள், சங்கக் கொடிகள், ஊர் முழுக்கக் கூட்டம். அமைதியாகக் கோட்டை பார்க்க வந்தவர்களுக்கு அது தவறான நாள், மற்றவர்களுக்கு ஆண்டின் நல்ல நாள்.

பேராலயக் கோபுரத்துக்கு 325 படி, குறுகல், லிஃப்ட் இல்லை, தனி டிக்கெட். முட்டி வலி இருந்தால் கீழேயே இருங்கள், ஒன்றும் நஷ்டமில்லை. நல்ல காட்சி கீழே ஆற்றங்கரையில் கிடைக்கிறது. வியர் ஆறு ஊரை மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பிரெபெண்ட்ஸ் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் நடந்தால் தடுப்பணை, பழைய துணி ஆலை, அதற்கு மேல் பேராலயத்தின் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும். டிசம்பரில் போனால் இதை முதலில் செய்யுங்கள், நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

கார் வேண்டாம். பேராலயத்துக்கு ஏறுகிற ஒற்றைத் தெருவுக்கு 2002-இலேயே, லண்டனுக்கும் முன்னால், நெரிசல் கட்டணம் போட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு அவர்களே விடுகிற பஸ்ஸில் வரலாம். உருளைக் கல் பாவிய மேடு என்பதால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள், ஹீல்ஸ் செருப்பும் வேண்டாம். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். வரும்போது வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், டர்ஹம் நிலையத்துக்குச் சற்று முன்னால் உயரமான பாலத்தின் மேல் ரயில் போகும்போது கோட்டையும் பேராலயமும் அந்தப் பக்கம்தான் தெரியும்.