முல்லைத்தீவை ஒரு நாளில் பார்த்தறிய

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வந்து மாங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்புங்கள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று தாண்டினால் கடல். இடையில் தெரியும் வயல்களையும் குளங்களையும் கவனியுங்கள். மாவட்டத்தின் ஒரு கை விவசாயம், மறு கை மீன்பிடி.

விடியமுன் கடற்கரைக்குப் போவதே நல்லது. கடலில் வளைத்துப் போட்ட கரைவலையின் இரு கயிறுகளையும் இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இரண்டும் சமமாக வராவிட்டால் வலை சரிந்து மீன் நழுவிவிடும். கடைசியாக வலையின் பை போன்ற மடி கரையேறும்போது சூடையும் நெத்தலியும் வெள்ளியாய்த் துள்ளும். அந்த நேரம் கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும், கரைவலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பிறகு வட்டுவாகல். நந்திக்கடல் என்னும் களப்பு (உப்பங்கழி) பெருங்கடலோடு சேரும் இடம் இது. களப்பு இறாலின் ருசியே தனி. 2009இல் போரின் இறுதியில் பெருந்தொகையான மக்கள் உயிரிழந்த முள்ளிவாய்க்கால் அடுத்தே இருக்கிறது. அங்கே படமெடுப்பதை விட்டு, அமைதியாக நில்லுங்கள்.

வைகாசியில் வந்தால் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலைத் தவறவிடாதீர்கள். கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இங்கு உண்டு. சனம் நெரியும், முதல்நாளே தங்க இடம் பாருங்கள்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் ஓரடியும் உள்ளே வைக்காதீர்கள்.