டொடோனா: கிரேக்கரின் தலைமைத் தெய்வம் ஜீயஸிடம் குறி கேட்ட கோயிலுக்குப் போவது எப்படி?

கிரேக்கத்தில் குறி சொன்ன கோயில் என்றாலே எல்லோரும் டெல்ஃபிக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். நாட்டிலேயே பழமையான குறித்தலம் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த டொடோனா, வடமேற்கே எபிரஸ் பகுதியில், தொமாரோஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே போய் அரங்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதிகூடப் பார்த்ததாகாது. கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

படி 1: யோவான்னினாவில் தங்குங்கள்

ஏதென்ஸிலிருந்து இந்த ஊருக்கு விமானமும் உண்டு, பேருந்தும் உண்டு. இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். மழை நிறையப் பெய்யும் ஊர், குளிர்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

படி 2: முதலில் மியூசியம்

இதை மட்டும் மாற்றாதீர்கள். ஊருக்குள் இருக்கும் தொல்லியல் மியூசியத்தில் டொடோனாவில் கிடைத்த ஈயத் தகடுகள் இருக்கின்றன. குறி கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியை விரலளவு அகலமுள்ள மெல்லிய தகட்டில் கீறி, சுருட்டிக் கொடுத்தார்கள். பழைய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, அதன்மேலேயே அடுத்தவர் கேள்வியை எழுதியதும் உண்டு. 4,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் கிடைத்திருக்கின்றன. 2023-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

லிசானியாஸ் என்பவர், அன்னிலாவின் வயிற்றில் இருக்கும் குழந்தை தன்னுடையதுதானா என்று கேட்கிறார். ஆகிஸ் என்பவருக்குப் போர்வையும் தலையணையும் காணவில்லை, வெளியாள் யாராவது திருடினார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அரசர்களின் போர்க் கேள்விகளைவிட எனக்கு இவைதான் பெரிதாகப் படுகின்றன. இவர்களை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் அங்குள்ள கற்களுக்கு உயிர் வரும்.

படி 3: டாக்சி பேசிக்கொள்ளுங்கள்

சுமார் 20 கிலோமீட்டர்தான். திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

படி 4: அரங்கம்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எபிரஸை ஆண்ட பிர்ரஸ் மன்னர் காலத்தில் கட்டியது. 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். கீழ்வரிசை இருக்கைகள் இருந்த இடத்தில் ஒரு சுவர் நிற்பதைக் கவனியுங்கள். ரோமானியர் விலங்குச் சண்டை நடத்துவதற்காக மாற்றியமைத்த வேலை அது.

படி 5: ஓக் மரத்தடி

அரங்கத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தால், ஆலோசனை மண்டபத்துக்கு அப்பால் ஜீயஸ் கோயிலின் அடித்தளம் வரும். நெஞ்சுயரம்கூட இல்லாத கற்கள்தான். ஆனால் அவசரப்படாமல் நில்லுங்கள், நீங்கள் வந்ததே இந்த இடத்துக்குத்தான். நெடுங்காலம் இங்கே கோயில் கட்டடமே கிடையாது; ஓக் மரமே தெய்வத்தின் வாய். அதன் இலைச் சலசலப்பிலும் புறாக்களிடமும் ஜீயஸின் விடையைக் கேட்டார்கள் என்பது பழைய மரபு. கால் கழுவாமல், வெறுந்தரையில் படுத்துறங்கிய செல்லோய் என்ற பூசாரிகளை ஹோமரின் இலியட் காவியம் பாடுகிறது. ஜீயஸோடு தியோனி என்ற தேவியையும் இங்கே வணங்கினார்கள். இப்போது நிற்கும் ஓக், அகழ்வாய்வுக்குப் பின் நட்டது.

படி 6: பசிலிக்கா

பக்கத்திலேயே பழைய கிறிஸ்தவத் தேவாலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறி கேட்பது நின்றுபோன பிறகும், டொடோனா வழிபாட்டு இடமாகவே தொடர்ந்தது என்பதற்கு இதுதான் சாட்சி. எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.